சிறிய விமானங்களில் மின்கோளாறு: முதலில் ஆராய வேண்டியது இணைப்பை

விமானி பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172எஸ் ரக விமானத்தில் 24 வோல்ட் பேட்டரியும் 28 வோல்ட் ஆல்டர்னேட்டரும் உள்ளன. மின்னழுத்தம் 24.5 வோல்ட்டுக்குக் கீழே குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆல்டர்னேட்டர் செயலிழந்திருந்தால், அதன்பின் ரேடியோ உள்ளிட்ட கருவிகளுக்குப் பேட்டரியின் கையிருப்பு மட்டுமே துணை. எனினும் என்ஜின் நின்றுவிடாது. தீப்பொறிக்கான மின்சாரத்தை மேக்னெட்டோ தனியே உற்பத்தி செய்கிறது.

இத்தகைய விமானங்களில் கோளாறு ஏற்பட்டால் விலையுயர்ந்த கருவியை உடனே மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவே. அலுமினிய உடலே மின்சாரம் திரும்பும் பாதையாக இருப்பதால், எர்த் இணைப்பின் அடியில் பெயின்ட்டோ அரிப்போ இருந்தால் மின்தடை கூடும். விளக்கைப் போட்டதும் எரிபொருள் மானியின் முள் அசைவது இதன் அறிகுறி. ஓம்மீட்டரில் சரியாகத் தெரியும் இணைப்பும் சுமை ஏறியதும் பலவீனத்தைக் காட்டக்கூடும். ஆகவே, கருவியை இயக்கிய நிலையிலேயே மின்னழுத்த இழப்பை அளவிட வேண்டும். ஹெட்செட்டில் கேட்கும் இரைச்சல் என்ஜின் வேகத்துடன் உயர்ந்தால், ஆல்டர்னேட்டரை ஆராய்வது நலம்.

விழுந்த சர்க்கியூட் பிரேக்கரை மீண்டும் மீண்டும் அழுத்துவது ஆபத்தானது. அது காப்பது முதன்மையாக வயரையே. மிகையாகச் சூடேறிய வயர் தீப்பற்றக்கூடும்.

புதிய கருவியைப் பொருத்தும்போது மின்சுமையையும் எடையையும் கணக்கிடுவதுடன், காந்தத் திசைகாட்டியின் பிழையையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் ஏவியானிக்ஸ் பணிகளுக்குச் சான்றளிப்பவர், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பி2 பிரிவு உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் ஆவார்.