ஃபெல்ட் கைவினை: பெரியகுளமும் கொடைக்கானல் மேல்மலையும்

ஆட்டுக் கம்பளியை நூற்காமல், நெய்யாமல், வெந்நீரும் சோப்பும் கைத்தேய்ப்பும் கொண்டே இழைகளைப் பிணைத்துச் செய்யும் கெட்டித் துணி ஃபெல்ட். வட இந்தியாவில் இதை நம்தா என்பார்கள். சாயமேற்றிய கம்பளியிலிருந்து உருண்டை மாலைகள், பொம்மைகள், வீட்டுச் செருப்புகள், தொப்பிகள், விரிப்புகள் இம்முறையில் உருவாகின்றன. தேனி மாவட்டம் பெரியகுளத்தின் மரபுத் தொழில்களில் இது இல்லை. ஆனால் இதற்கு ஏற்ற மென்கம்பளி தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று, அவ்வூருக்கு மேலே எழும் பழனிமலைத் தொடரில் இருக்கிறது.

தென்மாவட்டச் சமவெளிகளில் மேயும் வேம்பூர், கீழக்கரிசல் போன்ற செம்மறிகளின் உடலில் இருப்பது முடிதான், கம்பளி அல்ல. இறைச்சிக்காகவும், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு எருவுக்காகவும் அவற்றை வளர்க்கிறார்கள். கோயம்புத்தூர் ஆடு கம்பளி தரும். ஆனால் அது முரட்டு ரகம், விரிப்புக்குத்தான் ஆகும். மென்கம்பளிக்குப் பெயர்பெற்ற நீலகிரி ஆட்டின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைக் காத்துவருகிறது.

பெரியகுளத்துக்கு நெருக்கமான கம்பளி மன்னவனூர்க் கம்பளி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேல்மலைக்குப் போகும் பாதையில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளிக் கிராமம் மன்னவனூர். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1962இல் ராஜஸ்தானில் தொடங்கப்பட்டது. அதன் தென்மண்டல மையம் 1965இல் இங்கே அமைந்தது. இங்கு வளர்வது பாரத் மெரினோ. ராஜஸ்தானின் சொக்லா, நாலி ஆடுகளை ராம்பூலே, சோவியத் மெரினோ கிடாக்களுடன் கலந்து உருவாக்கிய இனம் அது. சுற்றுலாப் பயணிகள் ஆட்டுக்குட்டியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதன் முதுகில் இருப்பது என்னவாக ஆகும் என்று கேட்பவர் குறைவு.

கம்பளி இழையின் புறத்தோல் மீன்செதில் போல் அடுக்கடுக்காக இருக்கும். வெந்நீரிலும் சோப்பின் காரத்திலும் இழை ஊறி, செதில்கள் விரியும். அப்போது தேய்த்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். செதில்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதால் நுழைந்தது பின்வாங்காது. பருத்திக்குச் செதில் இல்லை, அதனால் பருத்தியில் ஃபெல்ட் வராது. கத்தரித்த கம்பளியில் முதலில் கொழுப்பும் மண்ணும் போக அலசிக் காயவைத்து, முள்சீப்பால் கோதிச் சிக்கெடுக்க வேண்டும். சாயம் ஏற்றுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அமிலச் சாயமும் சிறிது வினிகரும் சேர்த்துக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைப்பார்கள். அப்போது கிளறினால் கம்பளி பானையிலேயே கட்டியாகிவிடும். பிறகு மெல்லிய அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சோப்பு வெந்நீர் தெளித்து, பாயில் சுருட்டி உருட்டுவார்கள். பரப்பிய அளவைவிடப் பெரிதும் சுருங்கிப்போகும் என்பதால் செருப்பு செய்பவர் அச்சைப் பெரிதாகவே வெட்டிக்கொள்வார். உருண்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் போதும். பறவை, யானை போன்ற நுணுக்க உருவங்களுக்கு நீர் வேண்டாம். சிறு முட்கள் கொண்ட ஊசியால் உலர்ந்த கம்பளியைத் திரும்பத் திரும்பக் குத்தியே இறுக்குவார்கள்.

இந்தியாவில் இத்தொழிலின் பெரிய மையங்கள் காஷ்மீரும் ராஜஸ்தானின் டோங்க் நகரமும். ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடமான அவிகாநகர் இருப்பதும் டோங்க் மாவட்டத்திலேயே. ஆக, மன்னவனூர் மையத்தின் தாய்வீடு நம்தா ஊருக்கு அருகில் இருக்கிறது. அந்தக் கைவேலை மட்டும் ஆடுகளோடு தெற்கே வரவில்லை. காஷ்மீர் நம்தாவின் ஏற்றுமதி 1998க்கும் 2008க்கும் இடையில் அறவே சரிந்தது. கச்சாப்பொருள் தட்டுப்பாடும், தேர்ந்த கைகள் குறைந்ததும், விற்பனை முறை பலவீனமாக இருந்ததும் காரணங்கள். 2021இல் மத்திய அரசு அங்கே பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நேபாளத்தின் கதை வேறு. நியூசிலாந்துக் கம்பளியை இறக்குமதி செய்து, காத்மாண்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் பெண்களின் உழைப்பில் வண்ண உருண்டைகளாக்கி உலகெங்கும் அனுப்புகிறார்கள். சொந்த நாட்டு மென்கம்பளியை நம்பாமலே ஒரு ஃபெல்ட் தொழில் நிலைக்கும் என்பதற்கு அது சான்று. சந்தை கையில் இருக்க வேண்டும், அவ்வளவே.

பெரியகுளத்துக்கு அந்தச் சந்தை கொடைக்கானலின் சுற்றுலாப் பயணிகள்; அதுவும் எட்டாத் தொலைவில் இல்லை. 1910களின் நடுவில் லாஸ் மலைச்சாலை திறக்கும் வரை, கொடைக்கானலுக்கு ஆள்களும் சரக்கும் முக்கியமாகப் பெரியகுளத்துப் பக்க மலைப்பாதையில்தான் ஏறின. இன்று கும்பக்கரை, அடுக்கம் வழியாகச் சாலை உண்டு. நனைந்த ஃபெல்ட் உலர மேல்மலையின் மூடுபனியில் நாள்கள் ஆகும். அடிவார வெயிலில் சீக்கிரம் காயும். ஆகவே கம்பளியை மேலிருந்து இறக்கி, கீழே செய்து, ஏப்ரல், மே சீசனில் மேலே விற்பதே இவ்வட்டாரத்துக்குப் பொருந்தும் ஏற்பாடு. சாயக் கழிவை வராகநதியில் விடாமல் பார்த்துக்கொள்வது இதில் கடினமான பகுதி. மேல்மலைப் பொருளுக்குப் பெயர் கிடைத்த முன்னுதாரணமும் உண்டு: கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

போட்டி வேறு பக்கமிருந்து வருகிறது. ஸ்டேஷனரி கடைகளில் ‘ஃபெல்ட் ஷீட்’ என்று விற்கும் வண்ணத்தாள்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர். இயந்திர ஊசியால் குத்திச் செய்தவை, விலை மிகக் குறைவு. பள்ளிக் கைவேலைக்கு அவை போதும், கம்பளி என்று விற்றால்தான் தவறு. ஓர் இழையைப் பிய்த்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும்: பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும்; கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் பொசுங்கி, விரலால் நசுக்கினால் பொடியாகும்.