இருப்புப்படைச் செவிலியர்: தகுதியை எங்கே அளப்பது? ஸ்ரீ சிட்டியை முன்வைத்து

இந்திய ராணுவச் செவிலியர் பணியை இன்றும் ஆள்வது 1943ஆம் ஆண்டின் அவசரச் சட்டம். போர்க்காலத்தில் பிறந்த சட்டம், போர் முடிந்து எண்பது ஆண்டுகள் ஆன பிறகும் உயிரோடிருக்கிறது. அந்தச் சட்டம் இந்தப் பணியைத் 'துணைப்படை' என்று வரையறுக்கிறது. நடைமுறையிலோ அது முழுநேரப் பணி. சேருபவர் வேலையை விட்டு, ஊரை விட்டு வர வேண்டும். அமெரிக்காவில் உள்ளதுபோல் மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரு வாரமும் சீருடை அணிந்து, மற்ற நாட்களில் உள்ளூர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் இருப்புப்படைச் செவிலியர் இங்கே கிடையாது. ஆகவே 'இருப்புப்படைச் செவிலியராக என்ன படிக்க வேண்டும்?' என்று இங்கே கேட்பவருக்கு நேரான விடை இல்லை. அப்படியொரு படை அமைந்தால் அதன் கல்வித் தகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இப்போதைய தகுதி விதிகளை அப்படியே இருப்புப்படைக்கும் எடுத்துவைத்தால் அது தொடக்கத்திலேயே தோற்றுவிடும் என்பது என் வாதம். அவை பதினேழு வயது மாணவியை அளக்கும் விதிகள். இருப்புப்படைக்கு அளக்க வேண்டியது வேலையில் இருக்கும் நர்ஸை.

இப்போது உள்ள வாசல்கள் இரண்டு. முதலாவது, ஆயுதப்படைகளின் ஆறு செவிலியர் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங். புனே, மும்பை, டெல்லி, லக்னோ, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய ஆறிலும் சேர்த்து 220 இடங்கள். பெண்ணாக இருக்க வேண்டும். மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர், சட்டப்படி பிரிந்தவர், குழந்தைப் பொறுப்பு இல்லாத கைம்பெண் ஆகியோர் விண்ணப்பிக்கலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலத்தில் மொத்தம் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் பன்னிரண்டாம் வகுப்பை முதல் முயற்சியிலேயே, பள்ளியில் முறையாகப் படித்து, முடித்திருக்க வேண்டும். 2022 முதல் நீட் மதிப்பெண்ணும் வேண்டும். இரண்டாவது வாசல் குறுகிய காலப் பணி ஆணை. 2023 இறுதியில் வந்த அறிவிப்பின்படி 21 முதல் 35 வயதுக்குள் இருக்கும், பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அல்லது எம்.எஸ்சி. நர்சிங் முடித்து மாநிலக் கவுன்சிலில் பதிவு பெற்ற பெண்கள் 2024 ஜனவரி 14 அன்று கணினித் தேர்வு எழுதினார்கள். மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் படித்தவருக்கு இரண்டு வாசலிலும் இடமில்லை.

இந்த விதிகள் ஓர் ஊரில் என்ன செய்கின்றன என்று பார்க்க ஸ்ரீ சிட்டி தோதான இடம். ஆந்திரத்தின் சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் 2008இல் தொடங்கிய தொழில் நகரம். முன்பு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். சத்தியவேடு பகுதி 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி நம் பக்கம் வந்த அதே எல்லை மாற்றத்தில் அது ஆந்திரத்துக்குப் போனது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பெண்கள் அங்கே இன்றும் உண்டு. அப்படியொரு பெண் இண்டர்மீடியட்டில் (நம் மேல்நிலைப் படிப்பு) பைபிசி, அதாவது உயிரியல், இயற்பியல், வேதியியல், எடுக்கிறாள். இயற்பியலில் தவறி, கோடையில் சப்ளிமெண்டரி எழுதித் தேறுகிறாள். ஆண்டு வீணாகவில்லை; திருப்பதியில் நர்சிங் சேர்கிறாள்; நான்காண்டு படித்து நல்ல நர்ஸாகிறாள். ஆனால் 'முதல் முயற்சி' என்ற இரண்டு சொற்களால் முதல் வாசல் அவளுக்கு அந்தக் கோடையிலேயே மூடிவிட்டது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் கூட்டத்தைக் குறைக்க அந்த விதி உதவும். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு ஊசி போடும் கையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

தகுதி என்பது எக்காலத்தும் மாறாத அளவுகோல் அல்ல என்பதற்கு வரலாறே சான்று. 1888 மார்ச்சில் பம்பாயில் வந்திறங்கிய பத்து பிரிட்டிஷ் செவிலியரோடு இந்திய ராணுவச் செவிலியர் பணி தொடங்கியது. முதல் உலகப்போர் வந்தபோதுதான் இந்தியப் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1926இல் அது நிரந்தரப் பணியானது. இரண்டாம் உலகப்போரில் ஆள் போதாமல், குறுகிய பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு துணைச் செவிலியர் பணி என்ற தனி அமைப்பே உண்டாக்கப்பட்டது. தேவை முற்றும்போது அரசு தகுதியைத் தளர்த்துகிறது. தேவை தணிந்ததும் இறுக்குகிறது. தளர்த்தும் நேரம் எப்போதும் நெருக்கடியின் நடுவில்தான் வாய்க்கிறது. பயிற்சி கொடுக்க மிக மோசமான நேரமும் அதுவே.

செவிலியக் கல்வியில் இந்த வட்டாரத்துக்கு நெடிய மரபு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளி 1871இல் தொடங்கியது. செவிலியரைப் பதிவு செய்யும் சென்னைச் சட்டம் 1926இல் வந்தது. 1946இல் டெல்லியோடு சேர்ந்து நாட்டிலேயே முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர், சித்தூரிலிருந்து பேருந்தில் ஒரு மணிநேரச் சொச்சம். திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும் தேவஸ்தானம் தொடங்கிய ஸ்விம்ஸும் இருக்கின்றன. ஆள் இல்லை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இருக்கும் ஆளை எண்ணிவைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

அது இல்லாததன் விலை 2021 கோடையில் தெரிந்தது. ஏப்ரல் 26 அன்று, முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவப் பணியாளர்கள் அவரவர் வசிக்கும் ஊருக்கு அருகில் பணிக்கு அழைக்கப்படுவதாகப் பிரதமரிடம் முப்படைத் தலைமைத் தளபதி தெரிவித்தார். மே மாதம் 400 முன்னாள் ராணுவ மருத்துவர்களை 11 மாத ஒப்பந்தத்தில் எடுக்க ஆணை வந்தது. அதே மாதம் 3ஆம் தேதி மத்திய அரசு, பி.எஸ்சி.யோ ஜி.என்.எம்.மோ முடித்த செவிலியரை மூத்த செவிலியரின் மேற்பார்வையில் முழுநேரக் கோவிட் பணிக்கு அனுமதித்தது. இறுதியாண்டு மாணவர்களும் அழைக்கப்பட்டார்கள். நூறு நாள் முடித்தால் அரசு வேலையில் முன்னுரிமை என்றது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அமைதிக்காலத்தில் ராணுவ வாசலில் நிறுத்தப்பட்ட ஜி.என்.எம்., நெருக்கடியில் ஒரே அறிவிப்பில் பட்டதாரிக்கு நிகரானார். அதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டு முன்மாதிரியைச் சொல்லும்போது எனக்குப் பாதகமானதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ராணுவம் செவிலிய அதிகாரிக்கு நான்காண்டுப் பட்டத்தைக் கேட்கிறது, உரிமத்தையும் கேட்கிறது. 'பார்த்தீர்களா, அங்கேயும் பட்டம்தான்' என்பது வலுவான வாதமே. ஆனால் ஆப்கானிஸ்தானில் கேம்ப் பாஸ்டியன் மருத்துவமனைக்குப் பிரிட்டன் சுழற்சி முறையில் அனுப்பிய இருப்புப்படை மருத்துவப் பிரிவுகளின் வலு வேறிடத்தில் இருந்தது. அவற்றின் செவிலியர் பலர் திங்கள் முதல் வெள்ளி வரை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் நின்றவர்கள். அவர்களைப் பயனுள்ளவர்களாக்கியது அன்றாட வேலையின் பழக்கம். பட்டம் அந்தப் பழக்கத்துக்கு நுழைவுச் சீட்டு. அதற்கு மாற்று ஆகாது.

இனி ஸ்ரீ சிட்டியின் ஆலைகளுக்கு வருவோம். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ, செவிலியப் பணியாளரின் பொறுப்பில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வரும் விதி. அந்த அறையில் ஒரு கட்டில், ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், டிரெஸ்ஸிங் டிராலி, விபத்துப் பதிவேடு. ஷிப்டுக்கு ஒரு நர்ஸ். பிரஸ்ஸில் நசுங்கிய விரல், கண்ணில் தெறித்த ரசாயனம், மே மாதத்து மயக்கம், இரவு ஷிப்டில் சாப்பிடாமல் வந்த பெண்ணின் தலைசுற்றல். யாரை உடனே வண்டியில் ஏற்றுவது, யாரை அரைமணி நேரம் படுக்கவைத்துப் பார்ப்பது என்ற முடிவை, டாக்டர் வரும் முன் அவர்தான் எடுக்கிறார். ராணுவ மருத்துவம் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடமும் இந்தத் தரம்பிரிப்புதான்.

இருப்புப்படைக்கு ஆலை நர்ஸைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பார்வையில் அதுவே முதன்மையானது. மருத்துவமனை நர்ஸைப் படைக்கு அழைத்தால் மருத்துவமனை காலியாகும். 2021 போன்ற நாளில் அவரை விட்டுக்கொடுக்க எந்த மருத்துவமனையாலும் முடியாது. ஒரே ஆளை இரண்டு கணக்கில் எழுதும் இருப்பு, இருப்பே அல்ல. ஆலை நர்ஸை அழைத்தால் எந்த வார்டும் காலியாகாது. அவருடைய குறை வேறு: கை மழுங்கியிருக்கும். வென்டிலேட்டரைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ரத்தம் ஏற்றியும் நாளாகியிருக்கலாம். ஆகவே அவரிடம் கேட்க வேண்டியது இன்னொரு பட்டம் அல்ல. ஆண்டுதோறும் சில வாரங்கள் ரூயாவிலோ ஸ்விம்ஸிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி. பின்னர் செய்முறைத் தேர்வு. இந்திய நர்சிங் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் அவசர, பேரிடர்ச் செவிலியத்துக்கு ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ ஏற்கனவே இருக்கிறது. அதைப் பகுதிபகுதியாக முடிக்க வழிசெய்தால் தலைமைப் பொறுப்புக்கான தகுதியாக அது போதும். இவற்றோடு போர்ச்சட்டமும் ஒரு பாடமாக வேண்டும். தேவைப்படும்போது செவிலியராகப் பணிபுரியப் பயிற்சி பெற்ற படையினருக்கு 1949ஆம் ஆண்டின் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, அவர் அந்தப் பணியைச் செய்யும் நேரத்துக்கு மட்டுமே உரியது. முழுநேர மருத்துவப் பணியாளருக்கான 24ஆம் பிரிவிலிருந்து அது வேறுபடுகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் யாரையும் அனுப்பக் கூடாது.

எழக்கூடிய வலுவான மறுப்பு: சட்டப்படி இந்தப் பணியில் எல்லோரும் அதிகாரிகள், அதிகாரிக்குப் பட்டம் வேண்டாமா? தலைமை ஏற்கும் நிலைக்கு வேண்டும் என்பதை ஏற்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இக்னேசியஸ் டெலோஸ் ஃபுளோரா 2023இல் மேஜர் ஜெனரலாக உயர்ந்து இந்தப் பணிக்கே தலைமை ஏற்றார். அந்த உயரத்துக்கான படிகளைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பட்டம் என்ற நிபந்தனை 1943ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. குடியுரிமை, பெண் என்பது, 21 வயது ஆகிய மூன்றைச் சொல்லிவிட்டு, மற்றவற்றை 'வகுக்கப்படும் நிபந்தனைகள்' என்று அது விதிகளுக்கு விட்டுவிடுகிறது. பட்டம் விதியால் வந்தது. விதியால் வந்ததை விதியால் மாற்றலாம். நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. ஆண் செவிலியரைச் சேர்ப்பதுதான் சட்டத்தையே திருத்த வேண்டிய வேலை. அதுவும் செய்யப்பட வேண்டியதே.

திருமண நிபந்தனையை இருப்புப்படைக்குக் கொண்டுவருவதில் பொருளே இல்லை. மணம் செய்ததற்காக 1988இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் வழங்க 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அப்படிப்பட்ட விதி அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்றும் சொன்னது. முப்பது வயது ஆலை நர்ஸுக்குக் கணவரும் இரண்டு குழந்தைகளும் இருப்பது இயல்பு. இருப்புப்படை என்பதே அப்படிப்பட்டவருக்கானது.

மிச்சம் இருப்பது பதிவு. தடா அருகே மாநில எல்லையைத் தாண்டினால் கவுன்சில் மாறுகிறது. கும்மிடிப்பூண்டியில் வசித்து ஸ்ரீ சிட்டியில் வேலை பார்ப்பவர் சென்னையில் பதிவு பெற்றவராக இருப்பார். வேலையோ ஆந்திரக் கவுன்சிலின் எல்லைக்குள். இந்திய நர்சிங் கவுன்சிலின் நடப்புப் பதிவேடு ஒவ்வொரு செவிலியருக்கும் நாடு தழுவிய தனி எண் தருகிறது. அந்தப் பதிவேட்டில், விரும்பினால் இருப்புப்படைக்கு வருவேன் என்று குறிக்க ஒரு கட்டமும், கடைசியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிசெய்த தேதிக்கு ஒரு கட்டமும் சேர்த்தால் போதும். பாதுகாப்பு அமைச்சகம் இதை முதலில் ஸ்ரீ சிட்டியின் ஆம்புலன்ஸ் அறைகளில் சோதித்துப் பார்க்கட்டும். அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பில் ஜி.என்.எம். என்ற மூன்று எழுத்தைச் சேர்க்க ஒரு கையெழுத்து போதும்.