புளியா, பவுடரா, ஆசிட்டா? பித்தளையைத் தேய்ப்பதற்கு முன் இதைப் படிச்சிடுங்க!

கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரம் கீழப்பழுவூர் பக்கம் போனால், கொல்லைப்புறம் முழுக்க பித்தளைதான். பரணிலிருந்து இறங்கிய அண்டா, குடம், குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் வரிசையாகக் காயும். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் இருக்கிற, பழுவேட்டரையர்களின் பெயரால் ஊர் உலகத்துக்குத் தெரிந்த அதே பழுவூர்தான்.

தேய்க்கும் வேலை மாறவில்லை. தேய்க்கும் பொருள்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. பாட்டி சாம்பலும் புளியும் போட்டார். அம்மா சபீனா, பீதாம்பரி போட்டார். இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு டாய்லெட் கழுவும் ஆசிட்டை விளக்கின் மேல் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டு இரண்டடி விளக்கு ஒன்றுக்கும் அந்தக் கதிதான் ஆனது. ஊற்றிய அன்றைக்கு தங்கம் மாதிரி மின்னியது. இப்போது தண்டு பாதி மஞ்சள், பாதி சிவப்பு.

ஏன் இப்படி ஆகிறது? எந்தப் பாத்திரத்துக்கு எது சரி? பார்க்கலாம்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெண்கலம் வேறு, அது செம்பும் வெள்ளீயமும். பித்தளை காற்றும் ஈரமும் பட்டால் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் பச்சையாகும். இந்தப் பச்சைக்குத்தான் தமிழில் களிம்பு என்று பெயர். உயிரைப் பற்றியிருக்கும் மலத்துக்கு சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். அந்த அளவுக்கு நம்ம ஊர் அடுக்களைக்குப் பழகிய பிரச்னை இது.

புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் இந்தக் கறுப்பையும் பச்சையையும் கரைக்கும். வீரியம் குறைந்த அமிலம் என்பதால் உள்ளே இருக்கும் உலோகத்தை மெதுவாகத்தான் தொடும். டாய்லெட் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கறுப்போடு நிற்காது, உலோகத்தையும் அரிக்கும். அரிக்கும்போது துத்தநாகம் முதலில் வெளியேறிவிடும், செம்பு மட்டும் மேலே தங்கும். சிவப்புத் திட்டு என்பது துத்தநாகம் போன இடம்.

லேசான சிவப்பாக இருந்தால் மென்மையான பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆழமாகப் போயிருந்தால் திரும்ப வராது. எலுமிச்சை உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டாலும் இதே சிவப்பு வரும், கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

விளக்கை விடுங்கள், ஆளுக்கு என்ன ஆகும் என்பதுதான் பெரிய விஷயம். மூடின பாத்ரூமில் உட்கார்ந்து ஆசிட்டில் பித்தளை தேய்ப்பவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். 'இன்னும் வெளுக்கட்டும்' என்று அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும். இது உயிருக்கே ஆபத்து. எந்தக் காரணத்துக்காகவும் இரண்டையும் கலக்காதீர்கள். கையில் ஆசிட் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்கு மேல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் எண்ணெய், அப்புறம்தான் புளி

'புளி போட்டுத் தேய்ச்சேன், கறுப்பு போகவே இல்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விளக்குத் தேய்ப்பவர்கள்தான். விளக்கில் இருப்பது வெறும் கறுப்பு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் கரி, அதன் மேல் தூசி. எண்ணெய்க்குக் கீழே புளித்தண்ணீர் இறங்காது.

பாட்டிமார் முதலில் சாம்பல் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. விறகுச் சாம்பலில் காரம் உண்டு, எண்ணெயோடு சேர்ந்தால் அது சோப்பு மாதிரி வேலை செய்யும். சீயக்காய்த் தூளும் அரப்பும் தலையில் எண்ணெய் எடுக்கிற மாதிரியே விளக்கிலும் எடுக்கும். விறகடுப்பு இல்லாத வீடு என்றால் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்ட வெந்நீர் போதும். பிசுக்கு போனபிறகு புளியை எடுங்கள்.

இரண்டடி விளக்குக்கு எலுமிச்சை அளவு புளி தாராளம். புதுப் புளிகூட வேண்டாம், ரசத்துக்குக் கரைத்த சக்கையே போதும். தடவிவிட்டு ஐந்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் கறுப்பு கழன்று வரும். கல் உப்பு சேர்த்தால் சீக்கிரம் போகும். ஆனால் உப்பை ஒழுங்காக அலசாவிட்டால் இரண்டே நாளில் பச்சை பூக்கும். அதனால் நான் உப்பு வேண்டாம் என்றே சொல்வேன்.

எலுமிச்சை உப்பு பயன்படுத்துகிறவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். பாத்திரத்தைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போகக்கூடாது. பக்கத்திலேயே நின்று, கறுப்பு விட்டதும் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து அலசினால் மிச்சமிருக்கும் புளிப்பு அடங்கும். தேய்த்த மறுநாளே விளக்கு மங்குவதற்கு, இந்த அலசல் இல்லாததே பல வீடுகளில் காரணம்.

அரியலூர் தண்ணீரில் ஒரு சிக்கல்

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகள் இங்கே வரிசையாக வந்ததே அதனால்தான். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களில், கழுவிய பாத்திரத்தை அப்படியே வெயிலில் கவிழ்த்தால் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். 'தேய்ச்சும் பளபளப்பு இல்லையே' என்று மறுபடி புளி போடுவார்கள். பித்தளை மேல் தப்பில்லை, தண்ணீர்தான் காரணம்.

கழுவியதும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடையாது. காய்ந்தபிறகு துளி திருநீறு தொட்டு உலர்ந்த துணியில் தேய்த்தால் மிச்ச ஈரமும் போகும், மினுமினுப்பும் வரும்.

பவுடர் போடலாமா?

போடலாம். பித்தளைக்கென்றே விற்கும் பவுடர்கள் வேலையைச் சுலபமாக்கும். எதை வைத்துத் தேய்க்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இரும்பு ஸ்கிரப்பர், செங்கல் பொடி, மணல் எல்லாம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, பித்தளையையும் சுரண்டும். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த தடவை அழுக்கு இன்னும் சுலபமாகத் தங்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு. நம்ம ஊர் சீர்வரிசைப் பாத்திரங்களில் கழுத்துப் பக்கம் பார்த்தால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கொடுத்தவர் பெயர், சில சமயம் தேதி. கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அந்தக் குடமாகவே இருக்கலாம். பொங்கலுக்குப் பொங்கல் செங்கல் பொடி போட்டுத் தேய்த்து அந்த எழுத்துகள் வழுவழு என்று ஆகிப்போன வீடுகள் எத்தனையோ. பெயர் இருக்கும் இடத்தில் புளியும் விரலும் மட்டும் போதும். தேய்ப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

மாட்டுக்கொட்டகையும் துப்பாக்கித் தோட்டாவும்

பித்தளைக்கு ஆசிட்டைவிட நைச்சியமான எதிரி அமோனியா. இது தெரியவந்த கதை நம் நாட்டில் நடந்தது, அதுவும் தோட்டாக்களால்.

துப்பாக்கித் தோட்டாவின் உறை பித்தளையில் செய்யப்படுவது. 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் என்ற கலவைக்கு 'தோட்டாப் பித்தளை' என்றே பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்த படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் உறைகள் தானாக வெடித்திருந்தன. யாரும் சுடவில்லை, தட்டவும் இல்லை. குண்டை இறுக்கிப் பிடிக்கும் கழுத்துப் பகுதியில்தான் கீறல் அதிகம். மழைக்காலத்தில் வந்ததால் 'பருவ வெடிப்பு' என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

விடை 1921-ல் தெளிவானது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் சொன்னது இதுதான்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, மழைக்கால ஈரம், தகட்டை இழுத்து உருக்கொடுக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தளை விரியும். உறைகளைச் செய்தபிறகு அளவாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் தீர்வு.

குதிரைக்குப் பதில் மாடு என்று வைத்துப் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் அண்டாவைத் தூக்கி மாட்டுக்கொட்டகைப் பரணில் போடுவது கிராமத்தில் சகஜம். குடமும் அண்டாவும் தகட்டைத் தட்டியோ இழுத்தோ செய்தவை. தோட்டாவில் இருந்த அதே இறுக்கம் அவற்றின் கழுத்திலும் விளிம்பிலும் இருக்கும். 'நல்லா இருந்த குடம், எடுத்துப் பார்த்தா விரிசல்' என்றால் கண்ணேறு காரணமாக இருக்காது, கொட்டகை காரணமாக இருக்கலாம். வார்த்துச் செய்யும் குத்துவிளக்குக்கு இந்த ஆபத்து குறைவு. அமோனியா கலந்த கிளீனர்களையும் பித்தளைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அது உண்டு, லேபிளைப் பாருங்கள்.

சுட்ட தோட்டா உறையைச் சுத்தம் செய்து மறுபடி நிரப்புவது சில வெளிநாடுகளில் பொழுதுபோக்கு. அங்கேயும் இதே கேள்விதான். வால்நட் ஓட்டுத் தூளோடு சேர்த்து உருளையில் சுழற்றுகிறார்கள், அல்லது சிட்ரிக் அமிலத் தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். அமோனியா உள்ள பாலிஷ் வேண்டாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. நம் ஊரில் அந்த வேலையே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

புளியே போடக்கூடாத பாத்திரங்கள்

ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம். 'ஈயம்' என்று சொன்னாலும் பூசுவது வெள்ளீயம். புளிக்குழம்பு, ரசம் மாதிரி புளிப்பு நேரடியாகப் பித்தளையில் பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும், வாந்தி, வயிற்றுவலி வரும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூச்சு. அதைப் போய் சுரண்டித் தேய்த்தால் பாதுகாப்பு போச்சு. வெளியே புளி, உள்ளே சோப்பும் மெல்லிய துணியும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்துவிடவும் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும்வரை அதில் புளிப்புச் சமையல் வேண்டாம்.

அடுத்து, புதிதாக வாங்கிய ஷோகேஸ் விளக்குகள். கறுக்காமல் இருக்க மேலே லாக்கர் பூசி விற்பார்கள். புளி அதில் வேலை செய்யாது. அழுத்தித் தேய்த்தால் திட்டுத் திட்டாக உரியும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

'பித்தளை' என்று விற்கிற இரும்பும் உண்டு. காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். அதைப் புளியில் ஊறவைத்தால் துருதான் மிச்சம்.

தலைமுறை தாண்டிய பழைய சாமி சிலைகளையும் விளக்குகளையும் பளபளப்பாக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. காலத்தால் படிந்த கருமை அந்தப் பொருளின் வயது. எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுத்தால் போதும்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

வியாழக்கிழமை விளக்குக் கழுவி வெள்ளிக்கிழமை ஏற்றுவது பல வீடுகளில் வழக்கம். வாரா வாரம் புளி தேவையில்லை. ஒவ்வொரு புளிக்கும் ஒரு மெல்லிய படலம் பித்தளை கரைந்துதான் போகிறது. வாரத்துக்கு ஒரு தடவை சோப்பு வெந்நீர், மாதத்துக்கு ஒரு தடவை புளி என்று வைத்துக்கொண்டால் விளக்கும் நிற்கும், கையும் நோகாது.

கழுவும்போது விளக்கைக் கழற்றிக் கழுவுங்கள். கும்பகோணம் பக்கத்தில் இருக்கும், புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் உட்பட பெரும்பாலானவை அடி, தண்டு, தட்டு என்று தனித்தனியாக வார்த்து மரையில் இணைத்தவை. களிம்பு முதலில் பிடிப்பது அந்த மரையில்தான். ஈரம் உள்ளே தங்கி, இரண்டு வருஷத்தில் திருகவே முடியாமல் போய்விடும். பழைய டூத் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுங்கள்.

பரணில் வைக்கும் பெரிய பாத்திரங்களைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாலித்தீன் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, அடுத்த பொங்கலுக்கு அவிழ்க்கும்போது பச்சையாகத்தான் வரும்.