ஓது
கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கோயில் அறிவிப்பில் ‘தேவார சாண்டிங் வகுப்பு’ என்று பார்த்தேன். ‘பாடு’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் ‘சாண்டிங்’. யூதர்களின் ஜெப ஆலயத்தில் இசையோடு வழிபாட்டை நடத்தும் ‘காண்டர்’ அதற்கு உறவுச் சொல். நமக்கோ ‘ஓது’ இருக்கிறது. பழந்தமிழில் அதற்குப் படித்தல், கற்றல் என்றும் பொருள். கன்னடத்தில் இன்றும் ‘ஓது’ என்றால் வாசிப்பதுதான். ‘ஓத்து’ என்பது வேதத்தையும் குறித்தது, நூலின் இயலையும் குறித்தது. பிறகு வாய்விட்டு முறையாகச் சொல்வது என்று பொருள் குறுகி, கோயிலில் பண்ணோடு தேவாரம் பாடுபவர் ‘ஓதுவார்’ ஆனார். மஸ்ஜித் இந்தியா வட்டாரத் தமிழ் முஸ்லிம்களும் குர்ஆனை ஓதத்தான் செய்கிறார்கள். தலையணை மந்திரம் ஓதும்போது மட்டும் சொல்லின் மதிப்பு கொஞ்சம் இறங்கிவிடும்! யூதர்களின் வேதமான தோராவுக்கும் ‘ஓது’ என்ற சொல் கச்சிதம். வழிபாட்டில் ஓதும் தோராச் சுருளில் உயிர்க்குறியும் கிடையாது, இசைக்குறியும் கிடையாது. ஆசிரியர் சொல்லக் கேட்டோ, குறிகள் உள்ள அச்சுப் புத்தகத்தைப் பார்த்தோ மாணவன் முன்பே மனத்தில் ஏற்ற வேண்டும். அச்சுப் புத்தகத்தில் வரும் இசைக்குறிக்கு எபிரேயத்தில் ‘தாஅம்’ என்று பெயர். அதற்குச் சுவை என்றும் பொருள். ‘பாடல்’ என்றால் கச்சேரி ஞாபகம் வரும், ‘வாசிப்பு’ என்றால் ராகம் விட்டுப்போகும். இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்வது ‘ஓதல்’. என் ஓட்டு அதற்கே.