கூர்வளைவும் கல்லறையும்



கிராமத்தில் சிற்றாலயம் கட்ட மக்கள் கூடிப் பேசும்போது ஒரு குரல் தவறாமல் எழும்: "ஃபாதர், சாந்தோம் கோயில் மாதிரி கூர் கோபுரம் வைக்கணும்." ஆசை நியாயமானதுதான். 2002இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகும்வரை நாமும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்து மக்களே. சாந்தோம் நமக்கும் தாய்க் கோயில். ஆனால் அந்தக் கூர் வடிவம் எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு ஆசைப்படுவது நல்லது.

உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தூணை நிறுத்தி, அதன்மேல் கல் உத்தரத்தைப் படுக்கவைக்கும் முறை அது. உத்தரம் மிக நீண்டால் நடுவில் விரிசல் விடும். ஆகவே நம் சிற்பிகள் தூண்களை நெருக்கமாக நிறுத்தினார்கள்.

ஐரோப்பியர் வேறு வழியில் போனார்கள். முதலில் அரைவட்ட வளைவு கட்டினார்கள். அது பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும்; அதைத் தாங்கச் சுவர் பருமனாக இருக்கவேண்டும், சன்னல் சிறிதாகவேண்டும், உள்ளே இருட்டு. பாரீசுக்கு அருகே புனித தெனி மடத்தின் அதிபர் சுஜேர், தம் கோயிலின் பீடப் பகுதியைப் புதிதாகக் கட்டி 1144இல் அர்ச்சிக்கச் செய்தார். அங்கே வளைவுகள் கூராக இருந்தன. கூர்வளைவு பாரத்தைப் பெரும்பாலும் கீழ்நோக்கித் தூணுக்கே அனுப்பிவிடும். எஞ்சிய தள்ளலைத் தாங்க, சாயும் மண்சுவருக்கு நாம் வெளியே முட்டுக் கொடுப்பதுபோல, பின்வந்தவர்கள் கல்லாலேயே முட்டுக் கொடுத்தார்கள். சுவருக்கு வேலை குறைந்தது. அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது. வெளிச்சத்துக்காகவே செய்த வேலை இது! பிற்காலத்து இத்தாலியர் இதைக் காட்டுமிராண்டிக் கோத்தியரின் பாணி என்று ஏளனம் செய்தனர். அந்த வசைப்பெயரே 'கோத்திக்' என்று நிலைத்துவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அக்கண்ணாடிகளே விவிலியம் என்பார்கள். ஓரளவு உண்மை. உயரத்தில் உள்ள பல படங்கள் கீழே நிற்பவர் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆனால் சார்த்ர் பேராலயத்தில் பல சன்னல்களின் அடிப்பகுதியில், கண்ணுக்கு எட்டும் இடத்தில், ரொட்டி சுடுபவரும் செருப்புத் தைப்பவரும் இருக்கிறார்கள். புனிதர்களுக்குக் கீழே ஊர் உழைப்பாளிகள்! நமக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

சாந்தோம் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்ததல்ல. புனித தோமையார் கல்லறைமேல் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய கோயிலை 1893இல் இடித்துவிட்டு, மயிலை ஆயர் ரீட் த சில்வா காலத்தில் பொறியாளர் கேப்டன் பவர் கட்டியது, 1896இல் முடிந்தது. முந்நூறு ஆண்டுக்கு மேல் நின்ற கோயிலை இடித்தது இன்றைக்கென்றால் எளிதில் நடக்காது, நடக்கவும் கூடாது என்பது நம் எண்ணம். புதிய கோயிலுக்குத் தேக்குமரக் கூரை போட்டார்கள். மரக்கூரை கல்கூரையைப்போல் சுவரை வெளியே தள்ளாது. எனவே ஐரோப்பாவில் காணும் பெரிய கல்முட்டுகள் இங்கே தேவைப்படவில்லை. முகப்பில் 155 அடிக் கோபுரம். நடுவில் இன்னொரு சிறு கோபுரம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. அது கல்லறை இருக்கும் இடத்தைக் காட்ட எழுந்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிறிஸ்தவர் மட்டுமன்றி இசுலாமியரும் இக்கல்லறைக்கு வருவதாகவும், திருப்பயணிகள் இங்கிருந்து மண் எடுத்துச் செல்வதாகவும் எழுதியிருக்கிறார். அன்று இங்கே கூர் கோபுரம் கிடையாது.

நம் சிற்றாலயங்களில் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் கூர்வளைவை ஒட்டுகிறோம். அது எதையும் தாங்குவதில்லை. அதன் கீழே இரும்புக் கதவு போட்ட இரண்டு சன்னல். பகலிலும் டியூப் லைட். கோபுரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைச் சன்னலுக்குக் கொடுங்கள் என்று பங்குப் பேரவையிடம் கேட்கப்போகிறோம். அடுத்த முறை சாந்தோம் போகும்போது, ஆண்டவரின் காயங்களைத் தோமையார் தொடும் வண்ணக் கண்ணாடியைச் சற்று நின்று பாருங்கள். பிறகு பின்புறம் உள்ள தனி வழியாகக் கீழே இறங்கினால் கல்லறைச் சிற்றாலயம்.