சங்கத் தேர்தலும் ஒரு சின்ன கனசதுரமும்

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டிருந்த பதிவு இது. ஆணி அதிகம், வேற ஒண்ணுமில்ல. போன வாரம்தான் ஒரு ரிலீஸ் முடிஞ்சது. ரெண்டு நாள் நல்லா தூங்கி எழுந்து, கேம் டெவலப்பர்கள் சங்கத்தோட கதையை இன்னைக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்துட்டேன்.

நம்மள்ல பாதிப்பேர் பொட்டி தட்டுற ஆளுங்கதான். ஆனா நமக்குன்னு ஒரு சங்கம், அதுக்கு ஒரு தேர்தல், நின்னு ஜெயிச்ச ஒரு நிர்வாகக் குழுன்னு எதையாவது பார்த்திருக்கோமா? பேங்க்ல இருக்கு, ரயில்வேல இருக்கு, பஸ் டிப்போவுல கூட கொடிக்கம்பத்தோட இருக்கு. நம்ம தொழில்லயே ஒரு பிரிவினர் அமெரிக்காவுல இதை செஞ்சு பார்த்தாங்க. அந்தத் தேர்தல்ல 2009-ல ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1979-ல அட்டாரி கம்பெனியில கேம் எழுதினவங்க பேரு பெட்டி மேலயும் இருக்காது, உள்ளயும் இருக்காது. வாரன் ராபினெட் 'அட்வென்ச்சர்'ங்கற ஆட்டத்துக்குள்ள ஒரு ரகசிய அறை கட்டி அதுல தன் பேரை ஒளிச்சு வெச்சது அதனாலதான். அதே வருஷம் அதே கடுப்புல நாலு பேர் வெளியேறி, வெளியாள் ஒருத்தரையும் சேர்த்துக்கிட்டு ஆரம்பிச்சதுதான் ஆக்டிவிஷன். இந்தத் தொழில்ல 'எங்க பேரைப் போடு'ங்கறதுதான் முதல் கோரிக்கை. சம்பளம்லாம் அப்புறம்.

1988-ல கிறிஸ் க்ராஃபோர்டுன்னு ஒருத்தர் ('பேலன்ஸ் ஆஃப் பவர்' எழுதினவர்), கலிஃபோர்னியாவுல சான் ஹோசேயில இருந்த தன் வீட்டு ஹால்ல சுமார் 27 பேரைக் கூப்பிட்டு உக்கார வெச்சார். ஒரு நாள் பேச்சு, அவ்வளவுதான். அதே வருஷம் ரெண்டாவது தடவை மில்பிடாஸ்ல ஒரு ஹோட்டல்ல கூடினப்போ 125 பேர் கிட்ட வந்தாங்க. அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்னைக்கு ஜிடிசின்னு சொல்ற மாபெரும் மாநாடு ஆச்சு. ஆனா மாநாடுங்கறது வருஷத்துக்கு ஒருதரம் கூடிக் கலையற விஷயம். மீதி நாளைக்கு என்ன பண்றது?

1993 டிசம்பர்ல அமெரிக்க செனட்ல ஒரு விசாரணை. 'மோர்ட்டல் காம்பாட்', 'நைட் ட்ராப்' மாதிரி ஆட்டங்களால குழந்தைங்க கெட்டுப் போறாங்கன்னு லீபர்மேனும் கோலும் பிடிபிடின்னு பிடிச்சாங்க. கம்பெனிகள் பயந்து போய் 1994-ல தங்களுக்கு ஒரு சங்கம் வெச்சுக்கிட்டாங்க. பின்னாடி ஈஎஸ்ஏன்னு பேர் மாறினது அதுதான். அதே 1994-ல எர்னஸ்ட் ஆடம்ஸ்ங்கற டிசைனர் இன்னொரு சங்கம் ஆரம்பிச்சார். முதல்ல அதுக்குப் பேரு கம்ப்யூட்டர் கேம் டெவலப்பர்ஸ் அசோசியேஷன். அப்புறம் 'கம்ப்யூட்டர்' போய் 'இன்டர்நேஷனல்' வந்து ஐஜிடிஏ ஆச்சு.

ரெண்டும் ஒரே வருஷக் குழந்தைங்கதான், ஆனா ஜாடை வேற. ஈஎஸ்ஏவில் உறுப்பினர் கம்பெனி. ஐஜிடிஏவில் உறுப்பினர் தனி மனுஷன். ப்ரோகிராமரோ, ஓவியரோ, டெஸ்டரோ, சந்தா கட்டினா ஒரு ஓட்டு. கம்பெனிக்கு ஓட்டு கிடையாது. இந்த ஓட்டுகளால தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டுதான் சங்கத்தை நடத்தும். கேக்கவே நல்லாத்தான் இருக்குல்ல?

இங்கதான் ஒரு ஓட்டை. தனி மனுஷன்னா எல்லாரும் தனி மனுஷன்தானே? ஆயிரம் பேருக்குச் சம்பளம் குடுக்கற ஸ்டூடியோ தலைவரும் சந்தா கட்டினா உறுப்பினர். அவரும் ஓட்டுப் போடலாம், நிக்கலாம், ஜெயிக்கலாம். தொழிற்சங்கமா இருந்தா முதலாளி உள்ளயே வர முடியாது. இது தொழில்முறைச் சங்கம்ங்கறதால கதவு திறந்தே இருந்தது.

யாரு ஜெயிப்பாங்கன்னு யோசிங்க. ஆன்லைன்ல ஓட்டு. வேட்பாளர் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுப்பாங்க. உலகம் முழுக்க சிதறிக் கிடக்கற உறுப்பினர்கள் அதுல முக்கால்வாசிப் பேரை நேர்ல பார்த்ததே இல்ல. அப்போ கை எங்க போகும்? தெரிஞ்ச பேருக்குத்தான்.

இதை நான் கிண்டலா சொல்லல. என் முதல் வேலையில (கம்பெனி பேர் வேண்டாமே) ஊழியர் நலக் குழுன்னு ஒண்ணு வெச்சாங்க. தேர்தலும் நடந்தது. நாங்க எல்லாரும் வரிசையா யாருக்கு ஓட்டுப் போட்டோம் தெரியுமா? எங்க டெலிவரி மேனேஜருக்கு. ஏன்னா லிஸ்ட்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பேரு அவரோடதுதான். சனிக்கிழமை வேலை பத்தி அந்தக் குழு பேசவே இல்லைன்னு தனியா சொல்லணுமா :-)

சரி, மேட்டருக்கு வருவோம். 2004 வசந்த காலத்துல ஐஜிடிஏ உருப்படியா ஒரு அறிக்கை போட்டது. கேம் தொழில்ல வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குங்கறது பத்தி. 'க்ரன்ச்'னு அவங்க சொல்றதை, அதாவது ரிலீஸ் நெருங்க நெருங்க வீட்டுக்கே போகாம உழைக்கறதை, வெளிப்படையா ஒரு நோயா பேசின அறிக்கை அது. அதே வருஷம் நவம்பர்ல பேர் சொல்லாத ஒரு பெண் நெட்ல ஒரு கடிதம் போட்டாங்க. என் வருங்காலக் கணவர் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்ல வேலை பார்க்கறார், காலைல 9 மணியிலேர்ந்து ராத்திரி 10 மணி வரைக்கும், வாரம் 7 நாளும்னு. ஓவர்டைமும் இல்ல, மாற்று விடுப்பும் இல்ல. கடிதம் காட்டுத்தீ மாதிரி பரவினது. எழுதினவங்க எரின் ஹாஃப்மன்னு 2006-ல தெரிய வந்தது. அதுக்குள்ள ஓவியர்கள் போட்ட வழக்குல ஈஏ 1 கோடியே 56 லட்சம் டாலரும், ப்ரோகிராமர்கள் வழக்குல 1 கோடியே 49 லட்சம் டாலரும் குடுத்து சமாதானம் பண்ணிக்கிட்டது.

நான் இந்தக் கடிதத்தை முதல்ல படிச்சது ஒரு ரிலீஸ் ராத்திரி 2 மணிக்கு, பில்டு ஓடறதுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்போது. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

இதுல கவனிக்க வேண்டியது, பணம் வாங்கிக் குடுத்தது கோர்ட்டு. சங்கம் அறிக்கை போட்டது, திறந்த மடல் எழுதினது. அதுக்கு மேல போக அதுகிட்ட ஆயுதம் இல்ல. ஆனாலும் 'நம்ம பக்கம் பேசற ஆளுங்க'ன்னு ஒரு மரியாதை இருந்தது.

அந்த மரியாதைக்கு அடுத்த நாலே வருஷத்துல சோதனை வந்தது. 2008 நவம்பர்ல ஐஜிடிஏவே நடத்தின ஒரு கூட்டம். மேடையில மைக் கேப்ஸ். எபிக் கேம்ஸோட தலைவர், 'கியர்ஸ் ஆஃப் வார்' கம்பெனிக்காரர். அதோட ஐஜிடிஏ போர்டு உறுப்பினரும்கூட. எங்க கம்பெனியில வாரம் 60 மணி நேரத்துக்கு மேல உழைக்கறதை எதிர்பார்க்கறோம், அப்படிப்பட்ட ஆளுங்களைத்தான் எடுக்கறோம்ங்கற தொனியில பேசினார். முன்கூட்டியே சொல்லித்தானே எடுக்கறோம், இதுல சுரண்டல் எங்க வந்ததுன்னு அவர் வாதம். இந்தப் பேச்சு 2009-ல பெரிய சண்டையா வெடிச்சது. க்ரெக் காஸ்டிக்கியன் மாதிரி பழைய டிசைனர்கள் கிழிகிழின்னு கிழிச்சாங்க. ஒரு பக்கம் வாழ்க்கைத் தரம் பத்தி அறிக்கை, இன்னொரு பக்கம் போர்டுல 60 மணி நேரக்காரர். சங்கம் யாரோடது?

நியாயமா சொன்னா கேப்ஸ் எதையும் மறைக்கல. அவர் யாரு, எந்தக் கம்பெனின்னு ஓட்டுப் போட்ட எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போட்டாங்க. அதனால இதுல எனக்கு அவர் மேல கோபம் கம்மி.

அடுத்த ஆள் கதை வேற. அதே 2009 தொடக்கத்துல போர்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் டிம் லாங்டெல். 80-கள்ல லண்டன்ல சாஃப்டெக்னு கம்பெனி வெச்சிருந்தவர். அதோட 'தி எட்ஜ்'ங்கற பேர்ல ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு ஆட்டங்கள் வந்தது. 1985-ல வந்த 'ஃபேர்லைட்' இன்னைக்கும் பழைய ஆளுங்க உருகிப் பேசற ஆட்டம். ஓட்டுப் போட்டவங்க கண்ணுல பட்டது இந்த அனுபவம்தான்.

அவரோட இன்னொரு தொழில் வேட்பாளர் குறிப்பைப் படிச்சுத் தெரிஞ்சுக்கற விஷயமில்ல. 'எட்ஜ்'ங்கற வார்த்தைக்கு டிரேட்மார்க் எடுத்து வெச்சுக்கிட்டு, யாராவது அந்தப் பேரை வெச்சா நோட்டீஸ் விடுறது.

ஃப்ரான்ஸ்ல மொபிகேம்னு ஒரு சின்னஞ்சிறு கம்பெனி. 2008 கடைசியில ஐஃபோனுக்கு ஒரு ஆட்டம் விட்டாங்க. ஒரு கனசதுரம், அதை விளிம்பு விளிம்பா உருட்டிக்கிட்டே போகணும். விளிம்புக்கு இங்கிலீஷ்ல எட்ஜ். ஆட்டத்தோட பேரும் எட்ஜ். இதை விடப் பொருத்தமா யாரும் பேர் வைக்க முடியாது. விமர்சகர்கள் கொண்டாடினாங்க. 2009-ல லாங்டெல் புகார் குடுத்தார், ஆட்டம் ஆப் ஸ்டோர்லேர்ந்து காணாமப் போச்சு. பேரை 'எட்ஜி'ன்னு மாத்திக்கறோம்னு இறங்கி வந்தும் பிரயோஜனமில்லைன்னு மொபிகேம் சொன்னாங்க. திரும்ப வரும், திரும்பப் போகும். சின்னக் கம்பெனிக்கு ஒரே ஆட்டம்தான் வருமானம்னா இது எப்பேர்ப்பட்ட அடின்னு யோசிங்க.

ஒரு சாதாரண டெவலப்பர் இப்படி மாட்டினா யார்கிட்ட போய் முறையிடுவான்? டெவலப்பர்கள் சங்கத்துகிட்டதான். அந்தச் சங்கத்து போர்டுல உக்காந்திருந்தது யாரு?

உறுப்பினர்கள் கொதிச்சுப் போனாங்க. ஆனா போர்டுக்கு பதவிக்காலம் மூணு வருஷம். சங்க விதிகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தாங்க. போதுமான உறுப்பினர்கள் எழுதிக் கேட்டா சிறப்புக் கூட்டம் கூட்டி, ஓட்டெடுப்பு வெச்சு ஒருத்தரை நீக்கலாம். ஆரம்பிச்சது கையெழுத்து வேட்டை. நம்ம ஊர் கூட்டுறவு சொசைட்டி லெவலுக்கு இறங்கி வேலை பார்த்தாங்கன்னு வெச்சுக்கங்க. ஓட்டெடுப்பு வரைக்கும் போகல. 2009 ஆகஸ்ட் கடைசியில லாங்டெல் தானே ராஜினாமா பண்ணிட்டார்.

எனக்கு இந்த மொத்தக் கதையில பிடிச்ச இடம் இதுதான். ஓட்டுப் போட்டவன் ஏமாந்தான், சரி. ஆனா விதிப் புத்தகத்துல திருப்பிக் கூப்பிட ஒரு வழி எழுதி வெச்சிருந்தாங்க, அதை யாரோ நாலு பேர் பொறுமையா படிச்சாங்க. எங்க நலக் குழுவுக்கு விதின்னு ஒரு காகிதம் இருந்ததான்னே எனக்குத் தெரியாது.

ட்விஸ்ட் இனிமேதான். லாங்டெல்லோட டிரேட்மார்க்கை உடைச்சது யாரு தெரியுமா? அதே ஈஏ. 2004-ல ஊரே திட்டின ஈஏ! அவங்க 'மிரர்ஸ் எட்ஜ்'னு ஒரு ஆட்டம் விட்டிருந்தாங்க. லாங்டெல் கம்பெனி 2010-ல அவங்க மேல கேஸ் போட்டது. நீதிபதி வில்லியம் ஆல்சப். பின்னாடி 2012-ல ஆரக்கிள் - கூகுள் வழக்குல, 'ரேஞ்ச்செக்' மாதிரி கோடு நானே நூறு தடவை எழுதியிருக்கேன், இதுல என்ன பெரிய விஷயம்னு வக்கீலை மடக்கினாரே, அவரேதான் (நம்ம ஆளு!). டிரேட்மார்க் ஆபீஸ்லயும் கோர்ட்லயும் லாங்டெல் சொன்ன சங்கதிகள் சந்தேகத்துக்கு இடமானவைன்னு 2010 அக்டோபர்ல எழுதி, அவர் கேட்ட தடையைக் குடுக்க மாட்டேன்னுட்டார். அதோட சமரசமாகி, 2013-ல டிரேட்மார்க்குகள் ரத்தாகி முடிஞ்சது. கம்பெனிக்கு கம்பெனி மோதினா சில மாசத்துலயே தீர்ப்பு. சின்னவனுக்கு அந்த வக்கீல் ஃபீஸ் எங்க இருக்கு?

சங்கத்துக்கு அப்புறமும் சோதனைகள் வந்தது. 2011-ல 'எல்.ஏ. நுவார்' ஆட்டத்துல வேலை பார்த்த நூத்துக்கும் மேல பேர் கிரெடிட்ல இல்லைன்னு புகார். பாருங்க, 1979-ல ராபினெட் ஒளிச்சு வெச்ச அதே பேர்ப் பிரச்சனை. விசாரிக்கறோம்னு ஐஜிடிஏ சொன்னது. கம்பெனியை வற்புறுத்த அப்பவும் கையில ஒண்ணுமில்ல.

2018 ஜிடிசியில தொழிற்சங்கம் வேணுமா வேண்டாமான்னு ஒரு வட்டமேசை. நடத்தினது ஐஜிடிஏவோட அப்போதைய செயல் இயக்குநர் ஜென் மக்லீன். அறை நிரம்பி வழிஞ்சது. கேம் வொர்க்கர்ஸ் யுனைட்னு ஒரு புதுக்குழு வாசல்ல துண்டுப் பிரசுரம் குடுத்தது. சங்கம் இருக்கும்போதே இன்னொண்ணு எதுக்குன்னு அந்தக் கூட்டத்துல இருந்தவங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் 2022 மே மாசம் விஸ்கான்சின்ல ஒரு குட்டித் தேர்தல். ரேவன் சாஃப்ட்வேர்ல டெஸ்டர்கள் மட்டும் ஓட்டுப் போட்டாங்க. ரேவன் ஆக்டிவிஷனோட ஸ்டூடியோ. ஆமா, பேர் போடலைன்னு கோவிச்சுக்கிட்டு நாலு பேர் ஆரம்பிச்சாங்களே, அதே ஆக்டிவிஷன். யூனியன் வேணும்னு 19, வேண்டாம்னு 3. மொத்தமே 22 ஓட்டு. ஆனா அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி அந்தப் பட்டியல்ல மேனேஜர் ஒருத்தர் கூட கிடையாது.

அந்தக் கனசதுரம் பிற்பாடு பிசிக்கும் வந்தது. ஒரு தள்ளுபடியில வாங்கினேன். விளிம்புல தொங்கவிட்டுப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், விரல் கொஞ்சம் அசைஞ்சா பள்ளத்துல. ஆறு மாசமா ஒரே லெவல்ல மாட்டிக்கிட்டிருக்கேன். தாண்டினவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல வழி சொல்லிட்டுப் போங்கப்பா, புண்ணியமா போகும் :-)