வேலைக்காரி போட்ட 100 கில்டர்

பழவேற்காடு கோட்டைக்குப்பத்தில் புது வலைக்கு, எஞ்சினுக்குப் பணம் வேண்டுமென்றால் நாங்கள் போய் நிற்பது மீன் வியாபாரியிடம்தான். பல பேர் வட்டி கேட்கமாட்டார்கள். பிடிக்கிற இறால் அவர்களுக்கே வரவேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான். என் அண்ணன் படகு அப்படி வந்ததுதான்.

பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டைக்கு முதல் போட்டவர்கள் வேறு மாதிரி. அதைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1602இல் ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பங்கு எழுதினார்கள். கணக்கேடு டிர்க் வான் ஓஸ் என்ற வணிகரின் வீட்டில் இருந்தது. கடைசியாக 100 கில்டர் (டச்சு நாணயம்) எழுதியவள் அந்த வீட்டு வேலைக்காரி நீல்ட்கன் கொர்னெலிஸ். பத்து வருஷத்தில் கணக்கு முடித்துப் பணம் தருவதாகப் பேச்சு, 1612இல் தரவில்லை. வேண்டுமானால் பங்கை இன்னொருவருக்கு விற்றுக்கொள்ளலாம். கம்பெனியிலிருந்து முதலை எடுக்க முடியாததால்தான், கடல் கடந்து கோட்டை கட்டும் அளவுக்கு அது நிலைத்தது என்பேன்.

இந்தக் கரையில் அந்தப் பணம் துணிக்காக நெசவாளிகளுக்கு முன்பணமாக இறங்கியது. மலையா, சின்னண்ணா போன்ற செட்டி வணிகர்கள் இடையில் நின்றார்கள். வாங்கிய நெசவாளி துணி கொடுத்தே கழிக்கவேண்டும். பங்கு விற்கும் வசதி அவனுக்கு இல்லை, என் அண்ணனுக்கும் இல்லை.